நாத்தனார் முடிச்சும் ஒரு சிவப்பு அட்டையும்

தம்பி திருமலையின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெரியம்மா செல்வம்மாள் காவேரிப்பட்டினத்திலிருந்து போன் போட்டு, மிகுந்த இரக்கத்தோடு சரிதாவை அந்தக் கல்யாணத்திலிருந்து விடுதலை செய்தாள்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத சரிதா. அந்தப் புள்ளய வெச்சுக்கிட்டு மணவறைக்கும் ரூமுக்கும் எத்தன தடவ ஓடுவ? நாத்தனார் முடிச்சு போட என் பொண்ணு நிர்மலா இருக்கறா. திருமலைக்கு அவளும் அக்கா தங்கச்சி மொறதான. நீ வந்து மூணாவது வரிசைல அக்கடான்னு உக்காரு, போதும். அதுக்கும் முடியலன்னாலும் பரவாயில்ல."

அக்கடா என்ற சொல்லைக் கேட்டதும் சரிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷமாக அவள் கக்கூஸில்கூட அக்கடா என்று உட்கார்ந்ததில்லை.

மகள் சக்திக்கு எட்டு வயது. ஆட்டிசம். அது போதாதென்று வலிப்பு. அதுவும் போதாதென்று விழுங்குவதில் கோளாறு. வாய் வழியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று வயிற்றில் சின்னதாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதில் பெரிய சிரிஞ்சை மாட்டி, தூக்கிப் பிடித்து, பாலையோ அரைத்த கஞ்சியையோ மெதுவாக இறக்க வேண்டும். நாற்பது நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் மொத்தமும் திரும்பி வரும், வரும்போது யார் மேல் என்றெல்லாம் பார்க்காது. பேச்சு கிடையாது. எதிர்வீட்டு சென்னம்மாள் தெலுங்கில் கொஞ்சுவாள், பெங்களூர் டாக்டர் கன்னடத்தில் கொஞ்சுவார், அப்பனும் ஆத்தாளும் தமிழில் கொஞ்சுவார்கள். சக்தி மூன்று பாஷைக்கும் பாரபட்சம் காட்டாமல் ஒரே பதிலாக முகத்தைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பாள்.

இந்த எட்டு வருஷத்தில் சொந்தத்தில் எத்தனை சீமந்தம், எத்தனை காதுகுத்து. ஒவ்வொன்றுக்கும் பத்திரிகை வரும். கூடவே "நீ வராட்டியும் பரவாயில்ல" என்ற வாக்கியமும் வரும். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அந்த நல்ல மனசின் மேல்தான் சரிதாவுக்கு அப்படி ஒரு எரிச்சல். இவளுக்கென்று இருப்பது ஒரே தம்பி. அவன் கட்டுகிற தாலிக்கு முதல் முடிச்சு அவன் போட்டால், மீதி இரண்டு முடிச்சும் அக்காக்காரி போட வேண்டும். அம்மாவும் இல்லாத வீட்டில் அதையும் விட்டுக்கொடுத்தால் அப்புறம் அவள் அந்த வீட்டுக்கு யார்?

"ஏங்க, முடிச்சு நான்தான் போடுவன்," என்றாள், வேலையிலிருந்து வந்த புருஷனிடம். அவன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

மாதேஷ் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் தரப் பரிசோதகன். க்யூ.ஏ. என்பார்கள். பூகம்பமே வந்தாலும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் சொல் ஒன்றுதான்.

"பிளான் போட்டுடலாம்."

இவன் வீட்டை நடத்துகிற அழகைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். மாதேஷ் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் சக்தியைக் கைமாற்றிக்கொள்கிற நோட்டு அது. 'ஏ ஷிப்ட்: பால் 200. வலிப்பு இல்லை. மருந்து கொடுத்தாச்சு. கோபம் ஒன்று, காரணம் மிக்ஸி' என்று சரிதா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்கு அந்த நோட்டை எடுத்து அவன் தலையில் போடலாமா என்று இருந்தது. அப்புறம் ஒரு நாள் அவள் கொடுத்து முடித்த வலிப்பு மருந்தையே அவன் மறுபடி கொடுக்கப் போய், நோட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அன்றிலிருந்து அவள் கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டாள். அடியோடு விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது.

அடுத்தது பலகை. சக்திக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் வீடு இரண்டாகிவிடும். அதனால் ஒட்டிப் பிரிக்கிற படங்களை ஒரு பலகையில் வரிசையாக வைத்திருந்தார்கள். குளியல், பால், பள்ளிக்கூடம், தூக்கம். ஒன்று முடிந்ததும் அவளே பிய்த்து, கீழே இருக்கும் பையில் போடுவாள். படத்தில் இருந்தால் அது நடக்க வேண்டும், படத்தில் இருக்கிற மாதிரியேதான் நடக்க வேண்டும். குளியல் படத்தில் இருந்த நீல பக்கெட் உடைந்த அன்று, பச்சை பக்கெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படவிடவில்லை. மாதேஷ் மூன்று கடை ஏறி இறங்கி நீல பக்கெட்டோடு வரும்வரை குளியலறையில் நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்றாவது, அந்த அட்டை. மாதேஷ் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எங்கேயாவது தப்பு தெரிந்தால், நேற்று சேர்ந்த பையனாக இருந்தாலும் சிவப்பு அட்டையைத் தூக்கலாம். தூக்கினால் மொத்த லைனும் நிற்கும், மேனேஜரே நடந்து வந்து என்ன ஏது என்று கேட்டு, பச்சையைக் காட்டின பிறகுதான் ஓடும். அதே மாதிரி ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக ஓர் அட்டை செய்து சக்தியின் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தான். வாயால் சொல்ல முடியாத குழந்தை, பொறுக்க முடியாவிட்டால் சிவப்பைக் காட்டட்டும். காட்டினால் வீட்டில் யாராக இருந்தாலும் செய்கிற வேலையை நிறுத்த வேண்டும். குக்கர், டிவி, சண்டை எதுவானாலும் சரி. புருஷன் பெண்டாட்டி சண்டை பாதியில் நின்றது எத்தனையோ தடவை, அதற்காகவே சரிதா அந்த அட்டையைக் கும்பிடலாம்.

ஆக, கல்யாணத்துக்கும் பலகை தயாரானது. கார், மண்டபம், பால், அம்மா முடிச்சு போடுவது, மறுபடி கார், வீடு. முடிச்சுக்கு மட்டும் படம் இல்லை.

"இன்னொருத்தர் கல்யாணப் படத்த வெச்சா ஒத்துக்க மாட்டா. அதுல நீ இருக்கணும்," என்றான் மாதேஷ். "சும்மா ஒரு தடவ செஞ்சு படம் புடிச்சுடலாம்."

"தாலி கட்டிக்க ஆளுக்கு எங்க போறது?"

மாதேஷ் யோசித்தான். சக்திக்குப் பால் கொடுக்கும்போது மடியில் விரிக்கிற மஞ்சள் துண்டை எடுத்தான். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்தது. அதைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மீசையோடு, ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சரிதா பின்னால் நின்று ஒரு மஞ்சள் கயிற்றை அவன் கழுத்தில் முடிந்தாள். படம் எடுக்க வந்த சென்னம்மாளுக்குச் சிரிப்பில் போன் ஆடி, முதல் நான்கு படமும் வீணாகிவிட்டது.

"பெள்ளிக்கூதுரு சால பாகுந்தி," என்று கல்யாணப் பெண் ரொம்ப அழகு எனத் தெலுங்கில் நற்சான்று கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளும் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கினார்கள். சக்தி அதை விரலால் தடவிப் பார்ப்பாள். அம்மாவின் கை, கயிறு, மஞ்சள் துண்டு என்று ஒவ்வொன்றாகத் தொடுவாள். மேளச் சத்தத்துக்குக் கம்பெனி காதடைப்பான் ஒன்று தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று தன்னைப் பார்த்துக்கொள்வதும் பழகிவிட்டது.

முகூர்த்தத்தன்று காலையில் எல்லாம் பிளான்படி நடந்தது. கார் படம் பைக்குள் போனது. மண்டபம் படமும் போனது. தவிலோடு மேடைக்கு ஏறிக்கொண்டிருந்த ஆள் மாதேஷைப் பார்த்து நின்று கையைத் தூக்கினான்.

"க்யூ.ஏ. சார், நீங்களா? நான் முனிசாமி சார், நம்ம பேக்கிங் லைன்ல கான்ட்ராக்ட். முகூர்த்த நாளுல லீவு போட்டுட்டு மேளத்துக்கு வந்துருவன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க."

"எனக்கென்னப்பா, நானே லீவுதான்," என்றான் மாதேஷ்.

முதல் வரிசையில் ஓரமாக இடம் பிடித்து, எட்டே முக்காலுக்குப் பால் ஆரம்பித்தார்கள். முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல். கணக்கு சரியாக இருந்தது. சரிதா குழாயைப் பிடிக்க, மாதேஷ் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்திருந்தான். பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, எட்டு வருஷத்துக்கப்புறம் ஒரு கல்யாணத்தின் முதல் வரிசையில் இருந்தாள் சரிதா. பாதிப் பால் இறங்கியிருக்கும்போது செல்வம்மாள் வேகமாக வந்தாள்.

"ஐயருக்குப் பர்கூர்ல இன்னொரு கல்யாணமாம், சீக்கிரம் முடிக்கணுங்கறாரு. பொண்ண கூப்புட்டாச்சு. இன்னும் எவ்ளோ நேரம்மா அது?"

"இருவது நிமிஷம் பெரியம்மா."

"இருவது நிமிஷமா?"

பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் அவசரத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுகிற மாதேஷ், அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தான். சீக்கிரம் இறங்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல், சிரிஞ்சை நான்கு விரல்கடை உயர்த்திப் பிடித்தான். பால் மடமடவென்று இறங்கியது. சரிதா நிமிர்ந்து பார்த்து, "ஏங்க, கைய எறக்குங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் துண்டு கொஞ்சம் தாங்கியது. மீதி முழுக்கப் பட்டுப்புடவையில் விழுந்தது.

சக்திக்கு ஒன்றுமில்லை. வாயைத் துடைத்துவிட்டதும் பழையபடி பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரிதா மாதேஷைப் பார்த்த பார்வையை நோட்டில் எழுத முடியாது. மாற்றுப் புடவை இருந்த அறைக்கு ஓடினாள்.

ஈரப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு மாற்றுப் புடவையில் கொசுவம் வைத்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே செல்வம்மாளின் குரல் கேட்டது.

"சரிதா, நீ அவசரப்படாத, மெதுவா வா. நிர்மலாவ ஏத்திட்டன். நீ இல்லாட்டியும் பரவாயில்ல, அவ பாத்துக்குவா."

கொசுவம் கையிலிருந்து சரிந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. பிளான், பலகை, பத்து நாள் ஒத்திகை எல்லாம் இதற்குத்தானா? நாற்பது நிமிஷத்தில் இருபது நிமிஷம் அவளுக்காக நிற்காதா ஒரு கல்யாணம்? நிற்காதுதான். யாருக்காக நிற்கும்? கண்ணைத் துடைத்தால் மை கலையும் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வெளியே "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார் ஐயர். தவில் இடித்தது, நாதஸ்வரம் உச்சிக்கு ஏறியது. சரிதா சுவரில் சாய்ந்துகொண்டாள். தம்பி கட்டிவிட்டான், முடிந்தது.

மேளம் பட்டென்று நின்றது.

கெட்டிமேளம் அப்படி நிற்காது. யாராவது தும்மினாலும் இருமினாலும் கேட்கக் கூடாது என்றுதானே அதை அடிப்பதே. முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மாதிரி அமைதி சரிதாவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவள் வீட்டில் விழுகிற அமைதி அது. பாதிக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

மேடையில் முனிசாமி தவில் குச்சியைத் தூக்கிய கையோடு சிலையாக உட்கார்ந்திருந்தான். அவன் மூக்குக்கு நேரே சிவப்பு அட்டை. அதைப் பிடித்திருந்தவள் சக்தி, காதில் காதடைப்பான், இன்னொரு கையில் பலகை. நாதஸ்வரக்காரர் முனிசாமியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றதுண்ணே, செவப்ப பாத்ததும் கை தானா நின்னுபோச்சு," என்றான் முனிசாமி.

மணவறையில் திருமலை முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நிர்மலா கையை நீட்டியபடி நின்றாள். அந்தக் கையைத்தான் சக்தி பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் இருப்பது அம்மாவின் கை. இங்கே நீண்டிருப்பது வேறு யாருடைய கையோ.

"அடிப்பா மேளத்த, நேரம் போவுது," என்றாள் செல்வம்மாள். "யாராச்சும் புள்ளய தூக்குங்க."

"தூக்காதீங்க," என்றான் மாதேஷ். மனிதன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரியம்மாவிடம் குரலை உயர்த்தினான். "அவ தப்ப கண்டுபுடிச்சிருக்கறா. சரி பண்ணாம எடுக்க முடியாது."

நிர்மலா கையை மடக்கிக்கொண்டாள். "வாக்கா, வந்து போடு. அப்பவே சொன்னன், அம்மா கேக்கல," என்று ஒதுங்கி நின்றாள். நல்ல பெண் அவள். சரிதா மேடையேறி, தம்பியின் கையிலிருந்து கயிற்றின் நுனிகளை வாங்கினாள்.

எல்லோரும் சக்தியைப் பார்த்தார்கள். சக்தி பலகையைப் பார்த்தாள். மணவறையைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது.

"இன்னும் என்னா?" என்றார் ஐயர். பர்கூர் அவர் கண்ணில் தெரிந்தது.

சரிதாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கை இருக்கிறது, கயிறு இருக்கிறது. மூன்றாவதுதான் இல்லை. இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"ஏங்க, துண்டு."

மாதேஷுக்கும் அதே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. முந்நூறு பேர், மாமனார் வீட்டுச் சொந்தம் மொத்தமும், தன் கம்பெனி ஆள் முனிசாமி, வீடியோக்காரன் வேறு. நாற்காலியில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்தான். பால் சொட்டியது. அதைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மணவறைக்கு வந்து நின்றான்.

மணப்பெண் தமிழ்செல்வி அதுவரை குனிந்த தலை நிமிரவில்லை. மெதுவாக நிமிர்ந்து, மீசையும் முக்காடுமாக நின்றவரைப் பார்த்து, மனையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்கண்ணா," என்றாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் நெற்றிச்சுட்டி ஆடியது.

மாதேஷ் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இப்போது திருமலையின் பக்கத்தில் இரண்டு மணப்பெண்கள். சக்தி அப்பாவின் தலையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பினாள். பச்சை.

முனிசாமி அடித்தான் பாருங்கள், அந்த மாதிரி கெட்டிமேளம் காவேரிப்பட்டினத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சரிதா இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைப் போடும்போது கண்ணீரில் கயிறு தெரியவில்லை, கை தடவித்தான் போட்டாள். சக்தி படத்தைப் பிய்த்துப் பைக்குள் போட்டாள். அவளுக்கு அந்தக் கல்யாணம் அத்தோடு முடிந்தது.

"உன் பொண்ணு உனக்காகப் பேசிட்டாடி," என்று செல்வம்மாள் மூக்கைச் சிந்தினாள். கெட்ட மனுஷி இல்லை அவளும்.

சக்தி யாருக்காகவும் பேசவில்லை என்று சரிதாவுக்குத் தெரியாதா? படத்தில் என்ன இருந்ததோ அது நடக்க வேண்டும். நீல பக்கெட்டுக்கும் இப்படித்தான் நின்றாள். நிற்கட்டுமே. பக்கெட்டோ அம்மாவோ, அது இல்லாமல் நடக்கக் கூடாது என்று நிற்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நீ இல்லாட்டியும் பரவாயில்லை என்று இந்த எட்டு வருஷத்தில் சொல்லாதவள் வாய் பேசாத இந்த ஒருத்திதான்.

அடுத்த படம் கார். பந்திக்குப் படம் வைக்க மாதேஷ் மறந்திருந்தான். அதனால் தாலி முடிச்சு போட்ட நாத்தனார் பந்தியில் உட்காராமல், இலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு வாடகைக் காரில் ஏறினாள். வழியில் நிறுத்தி, ஓரமாக மரநிழலில் சக்திக்கு முதலிலிருந்து பால் கொடுத்தார்கள். இந்தத் தடவை மாதேஷின் கை ஓர் அங்குலம் ஏறவில்லை. நாற்பது நிமிஷத்துக்கு இரண்டு நிமிஷம் கூடவே ஆனது.

கிருஷ்ணகிரி தாண்டியதும் அவன், வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த நோட்டை எடுத்து எழுதினான். 'லைன் நிறுத்தம் ஒன்று. ஆறு நிமிடம். காரணம்: மாதிரிப் படம் தவறு, மணப்பெண் இடத்தில் க்யூ.ஏ. நடவடிக்கை: இனி அசல் ஆளை வைத்தே படம் எடுக்க வேண்டும்.' தலையில் இன்னும் பால் வாசனை அடித்தது.

சரிதா மடியில் இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, மைசூர்பாகைக் கடித்தபடி அதைப் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் பேனாவை வாங்கினாள். அவன் எழுதிய காரணத்தை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்.

'காரணம்: அம்மா நிற்க வேண்டிய இடத்தில் வேறு ஆள்.'

மாதேஷ் வாங்கிப் படித்தான். அப்புறம் பரிசோதித்தவர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டான்.